சுவருக்குள் ஒரு சிக்கனம்

கோயமுத்தூர் காந்திபுரத்தில் மகாத்மாவின் திருநாமத்தை ஓயாமல் ஜபிப்பவர்கள் பஸ் கண்டக்டர்கள்தான். அவ்வூரில் சொந்தமாகச் சிறு வீடு கட்ட எண்ணும் குடும்பஸ்தர்கள், வீட்டைப் பற்றி மகாத்மா கொண்டிருந்த அபிப்பிராயத்தையும் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

1936-ல் அவர் குடியேறிய சேவாக்கிராமத்தில் அவருடைய குடில் மண்ணாலும் மூங்கிலாலும் ஆனது. 1945-ல் இந்தியாவுக்கு வந்து இங்கேயே நிலைத்துவிட்ட ஆங்கிலேயக் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர், காந்திஜி தம்மிடம் கூறிய ஒரு யோசனையை ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. ஐந்து மைல் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்பதுதான் அது.

"அப்படியானால் கவலை ஏது? தடாகத்துச் செம்மண் பக்கத்திலேயே இருந்ததே!" என்று கோவை வாசிகள் கேட்கலாம். அங்கேதான் சங்கடம். நகரத்துக்கு வடமேற்கே, மலையடிவாரத்திலுள்ள தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல்லுக்காக மண்ணை வெட்டி வெட்டி, யானைகள் நடமாடும் இடங்களெல்லாம் படுகுழிகளாயின. உரிய அனுமதியின்றி நடந்துவந்த 180-க்கு மேற்பட்ட சூளைகள் 2021-ல் மூடப்பட்டன. பக்கத்தில் எடுத்தால் மட்டும் போதாது, அளவோடும் எடுக்க வேண்டும் என்பதே அந்தக் குழிகள் புகட்டும் பாடம்.

அளவோடு எடுப்பதற்குப் பேக்கர் திருவனந்தபுரத்தில் ஒரு வழி காட்டினார். அதற்கு 'எலிப்பொறிக் கட்டு' என்று பெயர். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பின்மேல் நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுச் சுவர் எழுப்புவார்கள். ஒன்பது அங்குலச் சுவரில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கல் மிச்சமாகும். 10,000 கல் கேட்கும் சுவருக்கு 7,500 போதும். உள்ளே அடைபட்ட காற்று, சித்திரை வெயிலின் உஷ்ணத்தை எளிதில் அறைக்குள் விடாது.

மேல்தளத்திலும் சிக்கனம் செய்யலாம். கான்கிரீட்டின் அடிப்பாகத்தில், கம்பிகளுக்கு இடையே, பழைய சீமை ஓடுகளைப் பதித்துவிட்டால் சிமெண்டும் பாரமும் குறையும்.

ஆனால் ஜாக்கிரதை தேவை. கற்கள் ஒரே அளவாய், முனை உடையாமல் இருக்க வேண்டும். இந்த வேலையில் பழகிய கொத்தனார் வேண்டும். மின்சாரக் குழாய் போகும் வழியை முன்னதாகவே தீர்மானித்துவிட வேண்டும். தளத்துக்கு இஞ்சினீயரின் கணக்கு அவசியம்.

கிருஹப்பிரவேசத்துக்கு வரும் விருந்தினர் சுவரைத் தட்டிப் பார்த்து, "உள்ளே வெறும் காற்றுதானாமே?" என்று கேட்கக்கூடும். "ஆமாம். அந்த அளவுக்கு ஏதோ ஒரு மலையடிவாரத்தில் மண் மிச்சமாயிருக்கிறது" என்று வீட்டுக்கார அம்மாள் பெருமையுடனேயே பதில் சொல்லலாம்.