உங்களுக்குத் தெரியுமா? பார்னார்ட் விண்மீனும் அதன் நான்கு கோள்களும்

◆ சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஆல்ஃபா சென்டாரி என்கிற மூன்று விண்மீன்களின் கூட்டம். இது பலருக்கும் தெரியும். அதற்கு அடுத்தது எது என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். அதுதான் பார்னார்ட் விண்மீன். தூரம் ஏறத்தாழ 6 ஒளியாண்டு. கிலோமீட்டரில் சுமார் 56 லட்சம் கோடி. துணை விண்மீன் ஏதுமில்லாமல் தனியாக இருப்பவற்றில் நமக்கு மிகவும் நெருங்கியது இதுவே. இதை நான்கு சிறு கோள்கள் சுற்றிவருகின்றன என்பது 2025 மார்ச்சில்தான் உறுதியாயிற்று. அதற்கு முன்பு இரண்டு முறை இந்த விண்மீனுக்குக் கோள் கிடைத்துவிட்டதாக உலகம் நம்பியது. இரண்டு முறையும் அந்த நம்பிக்கையைக் கைவிட நேர்ந்தது. வானியல் வரலாற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமான கதை இது.

◆ இவ்வளவு அருகில் இருந்தும் வெறுங்கண்ணால் இதைப் பார்க்க முடியாது. பார்னார்ட் ஒரு சிவப்புக் குள்ள விண்மீன். நிறை சூரியனில் 16 சதவீதம். குறுக்களவு வியாழன் கோளைப் போல இரண்டு மடங்குகூட இல்லை. வெளிவிடும் ஆற்றல் சூரியனுடையதில் ஏறத்தாழ 280-ல் ஒரு பங்கு.

◆ நம் பால்வீதியிலுள்ள விண்மீன்களில் சுமார் நான்கில் மூன்று பங்கு சிவப்புக் குள்ளர்களே. அவற்றில் ஒன்றுகூட வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை.

◆ இந்த விண்மீனுக்குப் பெயர் தந்த எட்வர்ட் எமர்சன் பார்னார்ட் 1857-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பிறந்தவர். பிறப்பதற்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். வீட்டில் கொடிய வறுமை; பள்ளிக்கூடம் போனது மிகக் குறைவு. ஒன்பது வயதில் ஒரு புகைப்பட நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கூரையின் மேலிருந்த பெரிய கருவியைச் சூரியன் நகர நகர அதன் பக்கமே திருப்பிக்கொண்டிருப்பதுதான் அந்தச் சிறுவனுக்குக் கொடுத்த வேலை. வளர்ந்து சொந்தமாகத் தொலைநோக்கி வாங்கினார். புதிய வால்மீன் கண்டுபிடித்தால் 200 டாலர் பரிசு என்று வார்னர் என்ற செல்வர் அறிவித்திருந்த காலம் அது. பார்னார்ட் ஒன்றன்பின் ஒன்றாக வால்மீன்களைப் பிடித்தார். பரிசுப் பணத்தில் வீடு கட்டினார். 1892-இல் வியாழனின் ஐந்தாவது நிலவான அமல்தியாவைக் கண்டார். கலீலியோ 1610-இல் நான்கு நிலவுகளைக் கண்ட பிறகு வியாழனுக்குக் கிடைத்த முதல் புதிய நிலவு அதுதான்.

◆ 1916-இல் யெர்க்ஸ் ஆய்வகத்தில் எடுத்த ஒரு படத்தைத் தன்னுடைய 1894-ஆம் ஆண்டுப் படத்தோடு அவர் ஒப்பிட்டார். மங்கலான ஒரு விண்மீன் மட்டும் பழைய இடத்தில் இல்லை. வானத்தில் மிக வேகமாக இடம் மாறும் விண்மீன் அது என்று தெரியவந்தது. நூறாண்டு தாண்டியும் அந்தச் சாதனை முறியவில்லை. ஆண்டுக்கு 10.3 வினாடிக் கோணம் அது நகர்கிறது. சுமார் 175 ஆண்டுகளில் முழுநிலவின் அகலத்தைக் கடந்துவிடும். பக்கவாட்டில் நகர்வது மட்டுமல்ல, நொடிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கியும் வந்துகொண்டிருக்கிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 95 லட்சம் கிலோமீட்டர் நெருங்குகிறது!

◆ பயப்பட வேண்டாம், மோதாது. கி.பி. 11,800 வாக்கில் 3.75 ஒளியாண்டு தூரம்வரை வந்து, பிறகு விலகிப் போய்விடும். அப்போதும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

◆ முதல் கோள் கதைக்கு வருவோம். பீட்டர் வான் டி காம்ப் நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய வானியலாளர். பென்சில்வேனியாவில் ஸ்வார்த்மோர் கல்லூரியின் ஸ்ப்ரவுல் ஆய்வகத்துக்கு இயக்குநர். இசையிலும் தேர்ந்தவர், கல்லூரி இசைக்குழுவை நடத்தியவர். 1938 முதல் அங்கிருந்த 24 அங்குல லென்ஸ் தொலைநோக்கியால் பார்னார்ட் விண்மீனை இடைவிடாமல் படமெடுத்தார். விண்மீனைப் பெரிய கோள் ஒன்று சுற்றினால், அதன் ஈர்ப்பில் விண்மீனும் இலேசாக ஆடும். நேர்க்கோட்டில் போக வேண்டிய பாதையில் மெல்லிய நெளிவு தெரியும். அந்த நெளிவைத்தான் அவர் தேடினார்.

தேடியது கிடைத்தது என்றே நம்பினார். வியாழனைவிட ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகமான நிறையோடு, 24 ஆண்டுக்கு ஒரு முறை சுற்றும் கோள் என்று 1963-இல் அறிவித்தார். பிறகு ஒன்றல்ல, இரண்டு கோள்கள் என்றார். புகைப்படத் தட்டில் அந்த நெளிவின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒருவர் கண்ணின் பிழை முடிவைக் கெடுத்துவிடக் கூடாது என்று பலரை அளக்கவைத்துச் சராசரி எடுத்தார். இத்தனை கவனமாக உழைத்தவரைக் குறைசொல்ல மனம் வராது. பாடநூல்களும் அந்தக் கோளை ஏற்றுக்கொண்டன.

◆ 1973-இல் ஜார்ஜ் கேட்வுட், ஹைன்ரிஷ் ஐகார்ன் ஆகிய இருவரும் வேறு ஆய்வகங்களின் தட்டுகளை எடுத்து அளந்தார்கள். நெளிவே இல்லை. அதே ஆண்டில் ஸ்ப்ரவுல் ஆய்வகத்துக்குள்ளேயே பணியாற்றிய ஜான் ஹெர்ஷி காரணத்தைக் கண்டுபிடித்தார். அந்தத் தொலைநோக்கியில் படமெடுத்த மற்ற விண்மீன்களின் பாதையையும் அவர் சோதித்தபோது, அவையும் அதே காலத்தில் அதேபோல் தாவியிருந்தன. 1949-இல் தொலைநோக்கியின் லென்ஸைத் தாங்கும் சட்டத்தை மாற்றியிருந்தார்கள். பின்னாலும் லென்ஸைச் சரிசெய்திருந்தார்கள். ஆடியது விண்மீன் அல்ல, கருவி.

வெளியார் மறுத்தது பெரிதல்ல. தம் இயக்குநரின் வாழ்நாள் கண்டுபிடிப்பைத் தவறென்று காட்டும் அளவீட்டை அதே கூரையின் கீழிருந்த ஒருவர் வெளியிட்டாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

◆ வான் டி காம்ப் கடைசிவரை தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. 1982-இல்கூடத் தன் கோள்களுக்காக வாதாடி ஒரு கட்டுரை வெளியிட்டார். 1995 மே மாதம் ஆம்ஸ்டர்டாமில் காலமானார். சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் முதல் கோள், 51 பெகாசி பி, அதே ஆண்டு அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அதைக் கண்டுபிடித்த மிஷேல் மேயரும் திதியே கெலோவும் 2019-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஐந்தே மாத இடைவெளி. வேற்று விண்மீன்களுக்கும் கோள்கள் உண்டு என்று வாழ்நாள் முழுக்க நம்பிய மனிதர் அந்தச் செய்தியைக் கேட்காமலே போனது எனக்கு இன்றைக்கும் வருத்தம் தருகிறது.

◆ அந்த இல்லாத கோள்களைக் காண ஒரு விண்கலமே திட்டமிடப்பட்டது. பிரிட்டிஷ் கோளிடைப் பயணக் கழகம் 1973 முதல் 1978 வரை டீடலஸ் என்ற பெயரில் விரிவான வரைவு தயாரித்தது. அணுக்கரு இணைவால் இயங்கும் ஈரடுக்குக் கலம், ஆளில்லாதது. மொத்த எடை சுமார் 54,000 டன். அதில் 50,000 டன் எரிபொருள். அதற்கு வேண்டிய ஹீலியம்-3 வாயுவை வியாழனின் வளிமண்டலத்திலிருந்து எடுப்பதாகத் திட்டம்! ஒளியின் வேகத்தில் 12 சதவீதத்தை எட்டி, ஏறக்குறைய 50 ஆண்டுகளில் பார்னார்டை அடைந்து, நிற்க வழியில்லாமல் விரைந்து கடந்துபோகும். கலம் கட்டப்படவில்லை. ஆனால் விண்மீன் பயணம் கணக்குப் போட்டுப் பேசக்கூடிய பொறியியல் என்பதை அந்த வரைவு காட்டியது. ஒப்பிட்டுச் சொன்னால், வாயேஜர்-1 இன்று போகும் வேகத்தில் அவ்வளவு தூரம் போக ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும்.

◆ இரண்டாவது ஏமாற்றம் 2018 நவம்பரில் தொடங்கியது. இருபதாண்டு அளவீடுகளை ஒன்றுசேர்த்து, 233 நாளுக்கு ஒரு முறை சுற்றும், பூமியைப் போல் குறைந்தது மூன்று மடங்கு நிறையுள்ள கோளொன்று இருப்பதாக இக்னாசி ரிபாஸ் தலைமையிலான குழு அறிவித்தது. 2021-இல் வேறொரு குழு அதை மறுத்தது. பார்னார்ட் தன்னைத் தானே ஒரு முறை சுற்றிக்கொள்ள ஏறக்குறைய 145 நாள் எடுத்துக்கொள்கிறது. விண்மீனின் மேற்பரப்பிலுள்ள கரும்புள்ளிகள் அந்தச் சுழற்சியோடு வந்து வந்து மறையும். நாமோ ஆண்டின் சில மாதங்கள் மட்டுமே அதைப் பார்க்கிறோம். இந்த இரண்டும் கலந்ததில் உண்டான போலித் தாளம்தான் 233 நாள்.

◆ இன்று கோள் தேடுவோர் பாதையின் நெளிவை அல்ல, விண்மீனின் நிறமாலையைப் பார்க்கிறார்கள். விண்மீன் நம் பக்கம் இழுபடும்போது அதன் ஒளி சற்றே நீல நிறத்துக்கு நகரும். அந்தப் பக்கம் போகும்போது சிவப்புக்கு நகரும். அந்த நகர்விலிருந்து வேகம் தெரியும். பார்னார்டின் கோள்கள் தங்கள் விண்மீனை ஆட்டும் வேகம் நொடிக்கு அரை மீட்டருக்கும் குறைவு. மிகச் சிறிய கோளுடையது 20 சென்டிமீட்டர் அளவுதான். தவழும் குழந்தையின் வேகம்! 56 லட்சம் கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் ஒரு நெருப்புக் கோளத்தில் அதை அளக்கிறார்கள்.

◆ 2024 அக்டோபரில் ஹோனாய் கோன்சாலெஸ் எர்னாண்டஸ் தலைமையிலான ஸ்பானியக் குழு முதல் கோளை அறிவித்தது. சிலி நாட்டின் பரனால் மலையிலுள்ள மிகப் பெரிய தொலைநோக்கியில் எஸ்பிரெசோ என்ற கருவியைப் பொருத்தி, நான்காண்டு அளந்து எடுத்த முடிவு. மூன்று நாளில் சுற்றும் கோள் ஒன்று. மேலும் மூன்று இருக்கலாம் என்ற சந்தேகம். முன்னர் இரண்டு முறை சுட்டுக்கொண்ட துறை, உடனே நம்பவில்லை. ஹவாயின் மௌனா கியா மலையில் ஜெமினி வடக்குத் தொலைநோக்கியோடு இணைந்த மரூன்-எக்ஸ் என்ற வேறொரு கருவியால், சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரித்விக் பசந்த் குழுவினர் மூன்றாண்டுகளில் 112 இரவுகள் தனியாக அளந்தார்கள். 2025 மார்ச்சில் வந்த முடிவு: நான்கும் உண்மை.

வேறு மலை, வேறு கருவி, வேறு கைகள். வான் டி காம்புக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. அவர் காலத்தில் அவர் நம்பியிருந்தது ஒரே தொலைநோக்கியை.

◆ நான்கு கோள்களும் பூமியைவிடச் சிறியவை. குறைந்தபட்ச நிறை பூமியினுடையதில் 19 முதல் 34 சதவீதம்வரை. செவ்வாயைவிடக் கனமானவை, வெள்ளியைவிட இலேசானவை என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் பாறைக் கோள்களாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இவை நம் பார்வைக் கோட்டில் விண்மீனின் குறுக்கே கடந்துபோவதில்லை; ஆகவே குறுக்களவை அளக்க வழியில்லை.

◆ அங்கே ஆண்டு என்பது எவ்வளவு தெரியுமா? உள்ளிருந்து வெளியே போனால் 2.34 நாள், 3.15 நாள், 4.12 நாள், 6.74 நாள். இங்கே முதல் பிறந்தநாள் கொண்டாடும் குழந்தைக்கு, கடைசிக் கோளின் கணக்கில் 54 வயது முடிந்திருக்கும். முதல் கோளின் கணக்கில் 156.

◆ நான்கும் விண்மீனிலிருந்து 28 லட்சம் முதல் 57 லட்சம் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. நம் புதன் சூரியனிலிருந்து சுமார் 580 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது! உள் கோளில் நின்று பார்த்தால், நாம் காணும் சூரியனைப் போல் பத்து மடங்கு அகலத்தில் செம்மஞ்சள் வட்டமொன்று தெரியும். இவ்வளவு நெருக்கத்தில் இருப்பதால், விண்மீனுக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டியபடி இவை சுற்றக்கூடும். அப்படியானால் ஒரு பாதியில் நிரந்தரப் பகல், மறுபாதியில் நிரந்தர இரவு.

◆ உயிர் வாழுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. விண்மீன் மங்கலானதுதான், ஆனால் கோள்கள் அதை ஒட்டியே இருக்கின்றன. நான்கில் வெளியே இருப்பதுகூடப் பூமி பெறுவதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் பெறுகிறது. வெள்ளி பெறுவதைவிடவும் அதிகம். தண்ணீர் நிற்கத் தகுந்த சூடுள்ள பகுதி இன்னும் தள்ளி இருக்கிறது. பூமியளவு நிறையுள்ள கோள் அங்கே இருந்திருந்தால் இந்த அளவீடுகளிலேயே சிக்கியிருக்கும்.

◆ பார்னார்டின் வயது 700 கோடி முதல் 1,200 கோடி ஆண்டு என்று மதிப்பிடுகிறார்கள். சூரியனுக்கு 460 கோடிதான். இவ்வளவு வயதான சிவப்புக் குள்ளன் அடங்கிப்போயிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1998-இல் அதன்மேல் திடீரெனப் பெருஞ்சுடர் ஒன்று வெடித்தது; கோள் தேடிக்கொண்டிருந்தவர்களின் கருவியில் தற்செயலாகப் பதிவானது.

◆ இந்தப் பிரபஞ்சத்தில் எந்தச் சிவப்புக் குள்ளனும் இதுவரை முதுமையால் இறந்ததில்லை. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. சிவப்புக் குள்ளர்களோ தம் ஹைட்ரஜனை உள்ளுக்கும் வெளிக்கும் கலக்கிக் கலக்கி மெல்ல எரிப்பவை. லட்சக்கணக்கான கோடி ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும்.

◆ தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பார்னார்டைப் பார்ப்பது எளிது. ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே கடந்துபோகிறது. ஏப்ரல் பிற்பாதியில், அதிகாலை நான்கு மணிக்கு, விருச்சிகத்தின் வாலிலுள்ள மூல நட்சத்திரத்திலிருந்து நேர் வடக்கே உச்சிவரை கண்ணை ஏற்றுங்கள். அந்தப் பகுதி ஒஃபியூக்கஸ் விண்மீன் குழு. மூன்று அங்குலத் தொலைநோக்கியும் நல்ல வரைபடமும் இருந்தால் போதும், அந்த மங்கிய செம்புள்ளி பிடிபடும். உங்கள் பள்ளியிலோ ஊர் வானியல் மன்றத்திலோ தொலைநோக்கி இருந்தால், கேமராவைப் பொருத்தி இந்த ஆண்டு ஒரு படம் எடுத்துத் தேதியோடு சேமித்துவையுங்கள். ஆண்டுதோறும் அதே இடத்தை மறுபடி எடுங்கள். நான்கைந்து ஆண்டில் தொலைநோக்கியில் தெரியும் வியாழன் வட்டின் அகலத்துக்கு அது இடம் மாறியிருக்கும். பார்னார்ட் இரண்டு கண்ணாடித் தட்டுகளில் கண்டதை உங்கள் மாணவர்கள் தங்கள் படங்களிலேயே அளந்து பார்க்கலாம்.