கம்பம் பள்ளத்தாக்கின் கவாத்துக் கத்தரி

குமுளியிலிருந்து மலைப்பாதையில் தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கும் வண்டிகள் லோயர் கேம்ப் தாண்டியதும் வேகத்தைக் குறைக்கின்றன. கூடலூர், கம்பம், சுருளிப்பட்டி என்று போகப் போகத் தலைக்கு மேல் விரிந்த திராட்சைப் பந்தல்கள். தேக்கடி பார்க்க வந்த கேரளக் குடும்பங்கள் தோட்டத்து வாசலில் நிறுத்தி, கருப்புக் குலைகளுக்கு அடியில் நின்று படம் எடுத்துக்கொள்கின்றன. ஆளுக்கொரு கிளாஸ் பழச்சாறு, கையில் இரண்டு கிலோ பழம், பிறகு கிளம்பிவிடுகிறார்கள்.

பிரான்சின் சாம்பேன் வட்டாரத்துக்குப் போகிறவர்கள் திராட்சைத் தோட்டம், பழைய நகரம், போர் நினைவுச் சின்னம் மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடுவார்கள். இடுக்கி மாவட்டத்தின் எல்லையை ஒட்டிக் கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இந்த மூன்றும் இருக்கின்றன. ஆனால் அவற்றையெல்லாம்விட முதலில் பார்க்க வேண்டியது, பந்தலுக்கு அடியில் கத்தரியோடு நிற்கும் ஆள் செய்யும் வேலை.

இங்கே விளைவது பெரும்பாலும் பன்னீர் திராட்சை. நூல்களில் இதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். ஸ்கியாவா குரோசா என்ற கருப்பு வகையும், அலெக்சாண்டிரியா மஸ்கட் என்ற மணமுள்ள வெள்ளை வகையும் கலந்து பிறந்தது. வாயில் போட்டதும் மூக்கில் ஏறும் அந்த வாசனை மஸ்கட் வழி வந்தது. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்த பழம் இது என்ற வரலாறும் சேர்த்தே சொல்லப்பட்டது.

திராட்சை குளிர்நாட்டுக் கொடி. பிரான்சில் குளிர்காலம் வந்தால் இலை உதிர்த்துக் கட்டைபோல் உறங்கும், வசந்தத்தில் துளிர்க்கும், இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் பழம் தரும். ஆண்டுக்கு ஒரே மகசூல். கம்பத்தில் பனியும் இல்லை, உறக்கமும் இல்லை. விட்டுவிட்டால் கொடி பாட்டுக்கு இலை விட்டு நீண்டுகொண்டே போகும், பழம் குறைந்துவிடும். ஆகவே குளிர்காலம் செய்யும் வேலையை இங்கே கவாத்துக் கத்தரி செய்கிறது.

கவாத்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதல்ல. பழுப்பேறி முற்றிய, நடுத்தரப் பருமனுள்ள குச்சியைத் தேடிப் பிடித்து, அடியிலிருந்து நான்கைந்து கண் விட்டு நறுக்க வேண்டும். மெலிந்த குச்சி என்றால் ஒன்றிரண்டு கண்தான் விடுவார்கள். அது அடுத்த தடவைக்கு நல்ல குச்சியாக வளரட்டும் என்று. கண் என்பது கணுவில் அரிசியளவு புடைத்திருக்கும் மொட்டு. அதற்குள் வரப்போகும் குலையின் கரு முன்கூட்டியே உருவாகியிருக்கும். போன பருவத்தில் அந்தக் குச்சியின் மேல் போதிய வெயில் பட்டிருந்தால் அந்தக் கரு பூங்கொத்தாகும்; நிழலில் கிடந்திருந்தால் வெறும் பற்றுக்கம்பியாகிவிடும். பற்றுக்கம்பியும் பழக்குலையும் ஒரே கருவின் இரண்டு வடிவங்கள் என்பது தாவரவியல் தரும் ஆச்சரியமான செய்தி. பந்தலில் இலை மண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளும் விவசாயி, உண்மையில் அடுத்த மகசூலுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

வெட்டிய வாயில் சற்று நேரத்தில் தெளிந்த நீர் கசிந்து சொட்டும். வேர் வேலை செய்கிறது என்று அர்த்தம். அடுத்த சில நாட்களில் கண் உப்பும், துளிர் விடும். ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் பறிப்பார்கள். கொடிக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்து மறுபடி கவாத்து. இரண்டு ஆண்டில் ஐந்து மகசூல் எடுப்பது இப்படித்தான். ஒரு தோட்டத்தில் துளிர், பக்கத்துத் தோட்டத்தில் பிஞ்சு, அதற்கடுத்ததில் பழம் என்று ஆளாளுக்கு முன்பின்னாக வெட்டுவதால், எந்த மாதம் போனாலும் கம்பத்தில் எங்காவது பழம் இருக்கும்.

பந்தலுக்கும் காரணம் இருக்கிறது. பிரெஞ்சுக் கொடி இடுப்புயர வரிசையாகச் சரிவில் நின்று, கிடைக்கிற வெயிலையெல்லாம் பிடித்துக்கொள்கிறது. நம் ஊர் வெயிலில் குலை வெந்துவிடும். ஆகவே கல்தூண் நட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்து, ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் கொடியைப் படரவிடுகிறார்கள். இலை மேலே வெயிலை வாங்கிக்கொள்ள, குலை கீழே நிழலில் தொங்குகிறது.

கவாத்து முடிந்ததும் வெட்டுவாயில் தடவும் நீலநிறப் பசையைக் கவனித்தால் பிரான்சோடு இன்னொரு சொந்தம் தெரியும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை அது. போர்டோ அருகே மெடாக் பகுதியில், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமலிருக்கச் சாலையோரக் கொடிகளில் இப்படியொரு கரைசலைத் தெளித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததை மில்லர்தே என்ற தாவரவியல் அறிஞர் கண்டு, ஆராய்ந்து, 1885-ல் வெளியிட்டார். 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ என்ற அளவில் நம் விவசாயிகள் இன்றும் அதைக் கலந்து தெளிக்கிறார்கள். பூக்கும் நேரத்தில் சாரல் விடாமல் அடித்தால் அடிச்சாம்பல் ஒரே வாரத்தில் தோட்டத்தை வாரிக்கொண்டு போய்விடும். பழுக்கும் நேரத்து மழையோ பழத்தை வெடிக்க வைக்கும்.

கத்தரிக்கு அடுத்தது தண்ணீர். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிய அணை 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்தது. அதற்கு முன் 1886-ல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம். சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் பொடியும் குழைத்துக் கட்டிய அந்த அணைக்காகக் காட்டுக் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் மடிந்த தொழிலாளர்கள் ஏராளம். கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்ப்பில் 2013-ல் மணிமண்டபம் திறந்தார்கள். அவர் பிறந்த ஜனவரி 15 அன்று இங்குள்ள ஊர்களில் அவர் படத்துக்கு முன்னால் பொங்கல் வைக்கிறார்கள். பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு இந்தத் தண்ணீர்தான் பாய்கிறது. ஆறும் வாய்க்காலும் ஓடினால்தான் திராட்சைத் தோட்டத்துக் கிணறுகளும் ஊறும். இந்த மண்ணின் நினைவுச் சின்னங்களில் மக்கள் மனதுக்கு மிக நெருக்கமானது அந்த மணிமண்டபம்தான். பெயர் தெரியாத கூலியாட்களையும் அங்கே நின்று நினைக்க வேண்டும்.

போர் நினைவுச் சின்னத்தில் சாம்பேனைவிட இந்த வட்டாரம் மிக மூத்தது. அங்கே முதல் உலகப் போரில் ரெய்ம்ஸ் நகரின் மேல் குண்டு விழுந்தபோது மக்கள் ஒயின் நிலவறைகளில் குடியிருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் அதற்குள்ளேயே நடந்தது. இங்கே, ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கொம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2006-ல் கண்டெடுத்த நடுகற்களில் தமிழி எழுத்து இருக்கிறது. கூடல் என்ற ஊரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், இறந்துபட்ட தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் அதில் ஒன்று. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தையது. அந்தக் கூடல், இன்று பந்தல் நிறைந்த கூடலூர்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பழைய ஊர்களுக்கும் குறைவில்லை. சின்னமனூர்ச் செப்பேடுகள் பாண்டியர் வரலாற்றுக்கு முதன்மைச் சான்று. மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் அவை சொல்கின்றன. உத்தமபாளையத்துப் பாறையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். மேலே எல்லைக் காட்டில் மங்கலதேவி கண்ணகி கோயில், சித்திரைப் பௌர்ணமி ஒரு நாள் மட்டும் திறக்கும். தமிழ்நாட்டுப் பக்கத்தார் பளியங்குடி வழியாக நடந்தே ஏறுவார்கள், குமுளிப் பக்கத்திலிருந்து ஜீப் போகும்.

இவ்வளவு இருந்தும் விவசாயியின் கவலை விலையில் இருக்கிறது. மகாராஷ்டிரத்து விதையில்லாத் திராட்சை சந்தைக்கு வரும் மாதங்களில் விதையுள்ள பன்னீர் திராட்சையின் விலை இறங்கிவிடும். மெல்லிய தோலுள்ள பழம் வேறு. தூர வழியும் தாங்காது, நாள் கணக்கில் வைக்கவும் முடியாது. ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதோடு, பழத்தைச் சாறும் ஜாமும் உலர்பழமுமாக இங்கேயே மாற்றும் தொழிலும் வளர்ந்தால், விலை இறங்கும் மாதங்களில் பழத்தைக் கிடைத்த காசுக்குத் தள்ளிவிட வேண்டியிருக்காது. குமுளியிலிருந்து இறங்கி வருகிறவர்கள், பழம் தொங்கும் தோட்டத்தோடு கவாத்து நடக்கும் தோட்டம் ஒன்றையும் கேட்டுப் போய்ப் பார்க்கலாம். பெரும்பாலும் அது அடுத்த வரப்பிலேயே இருக்கும்.