பழகினால் சரியாகிவிடுமா?

சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோலின் வாடை, ஆம்பூருக்குப் புதிதாக வருகிறவரை மூக்கைப் பொத்தவைக்கும். ஒரு மணி நேரம் கழித்து அவரே அதை மறந்துவிட்டுப் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஒரே செய்தி திரும்பத் திரும்ப வந்தால் நரம்பு மண்டலம் அதற்குப் பதில் சொல்வதைக் குறைத்துக்கொள்கிறது. பேரணாம்பட்டு முதல் ராணிப்பேட்டை வரை தோல் ஷாப்புகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் நடுவே இத்தனை பேர் குடியிருக்க முடிவது இதனால்தான். குக்கர் விசிலுக்கும் பள்ளி மணிக்கும் காதைப் பொத்திக்கொண்டு அழுகிற குழந்தையைப் பார்த்து, "போகப் போகப் பழகிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் அந்த அனுபவத்திலிருந்து வரும் பேச்சுதான். ஆனால், ஆட்டிசத்தின் சில மரபணு வகைகளில் இந்தப் பழகுதலே சரியாக நடப்பதில்லை.

இதைத் தெளிவாகக் காட்டுவது ஃபிரஜைல் எக்ஸ் என்ற மரபணு நிலை. பரம்பரையாக வரும் ஒற்றை மரபணுக் காரணங்களில் ஆட்டிசத்தோடு அதிகம் சேர்ந்து காணப்படுவது இதுவே. எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்.எம்.ஆர்.1 மரபணுவில் மூன்றெழுத்துத் துண்டு ஒன்று பலருக்கும் முப்பது தடவை அளவில் திரும்ப வரும். அது 200ஐத் தாண்டினால் மரபணு ஓய்ந்துவிடும். நரம்பிணைப்புகளில் மற்றப் புரதங்களின் உற்பத்திக்குக் கடிவாளம் போடும் புரதம் கிடைக்காது. 1991ல் இந்த மரபணு கண்டறியப்பட்டது. 1999ல் அமெரிக்காவின் லூசி ஜேன் மில்லர் குழு இந்நிலை உள்ளவர்களின் விரல்களில் மின்முனை வைத்து, தோலில் வியர்வையால் ஏற்படும் நுண்ணிய மின்மாற்றத்தை அளந்தது. மூக்கருகே வாசனைத் தைலம், காதுக்கு சைரன், கண்ணுக்கு மின்னும் விளக்கு, கன்னத்தோரம் ஓர் இறகு, பின்னால் சாயும் நாற்காலி என ஒவ்வொன்றும் பலமுறை கொடுக்கப்பட்டது. மற்றவர்களின் உடல் ஓரிரு முறை துணுக்குற்று, பிறகு அடங்கியது. ஃபிரஜைல் எக்ஸ் உள்ளவர்களின் உடலோ பெரிதாகத் துணுக்குற்றதோடு, அடுத்தடுத்த முறையும் அடங்க மறுத்தது. அடம்பிடிக்கிற குழந்தையால் உள்ளங்கை வியர்வையைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. அடத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட நேராகக் காட்டும் சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படியானால் ஆட்டிசம் என்றாலே புலன் கூச்சம் என்று முடிவுகட்டலாமா? கூடாது. 22ஆம் குரோமோசோமின் முனை உடைந்து ஷாங்க்3 மரபணு இழக்கப்படும் ஃபீலன்-மெக்டெர்மிட் நிலையில் ஆட்டிசம் மிகுதி. புலனோ பெரும்பாலும் எதிர்த் திசையில் போகும். இந்நிலை உள்ள பலர் கூப்பிட்டால் திரும்பமாட்டார்கள், விழுந்து அடிபட்டாலும் அழமாட்டார்கள். ஆட்டிசத்துக்கான மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக நம் நாட்டில் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோலில் உள்ள 40 கேள்விகளில் ஆறு புலன் பற்றியவை. புலன் தூண்டலுக்கு மிகையாகக் கூசுவதற்கும் மதிப்பெண் உண்டு, வலி உணராததற்கும் மதிப்பெண் உண்டு. இரண்டும் ஒரே கூட்டுத்தொகையில் கரைந்துவிடும். உதவித்தொகைக்கு அந்தத் தொகை போதும். குழந்தையை வளர்க்கிறவருக்கு அது போதாது. புலன் எந்தத் திசையில் பிசகியிருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதை எங்கே தேடுவது என்பதற்கு மரபணுப் பரிசோதனையின் விடை ஒரு கைகாட்டி.

"மரபணுவை மாற்ற முடியாதே, தெரிந்து என்ன செய்ய?" என்பது நியாயமான கேள்வி, பரிசோதனைக்குப் பணமும் அலைச்சலும் ஆகிறது. ஆனால் வலியை உணராத குழந்தைக்குக் காதில் சீழ் வைத்தாலும் குடல்வால் வீங்கினாலும் வீடு கவனிக்கத் தவறும். காரணம் தெரிந்த வீடு அழுகைக்குக் காத்திராமல் தேடிப் பார்க்கும். இன்னொரு மறுப்பு, புலன் சிகிச்சைகளுக்கான ஆதாரம் வலுவில்லை என்பது. அதிலும் உண்மை இருக்கிறது: 2012ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியே ஆய்வுகள் போதவில்லை என்று எச்சரித்தது. பணம் வாங்கிக்கொண்டு முழுக் குணம் தருவதாகச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் காலரில் குத்தும் லேபிளை வெட்டுவதற்கும், மணியடிக்கும் இடத்திலிருந்து இருக்கையை மாற்றுவதற்கும் பெரிய சிகிச்சை ஆதாரம் தேவையில்லை. புலன் தொல்லை சில்லறை விஷயமும் அல்ல. 2016ல் ஹார்வர்டில் டேவிட் கின்டி குழு, ஆட்டிசத்தோடு தொடர்புள்ள மரபணுக்களை எலிகளின் தொடு நரம்புகளில் மட்டும் பழுதாக்கியது. மூளையைத் தொடாமலேயே அந்த எலிகளுக்குப் பதற்றம் கூடியது, கூட்டாளிகளோடு பழகுவது குறைந்தது. எலியிலிருந்து மனிதருக்கு நேரே தாவ முடியாது என்றாலும், தொடுதலின் தொல்லை உறவையும் பாதிக்கலாம் என்பதற்கு அது வலுவான குறிப்பு.

குழந்தையின் இந்நிலை தோல் கழிவால் வந்ததோ என்ற சந்தேகம் இந்தப் பகுதியில் எழுவது இயல்பு. பாலாறு பட்ட கேடு 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த உண்மை. அதற்காகக் குரல் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஃபிரஜைல் எக்ஸ் ஆற்றுநீரிலிருந்து வருவதல்ல. சொந்தத்தில் கட்டியதாலும் வருவதல்ல. எக்ஸ் குரோமோசோம் வழி இறங்கும் இதற்கு, பெற்றோர் இருவரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டியதில்லை. தாய்மீது பழி போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தத் துண்டு 55 முதல் 200 தடவை வரை இருக்கும் ஆண், ஆட்டிசம் ஏதுமின்றி வாழ்ந்து, தன் பெண்கள் எல்லாருக்கும் அதைக் கொடுத்துவிடுவார். அப்படிப்பட்ட ஆண்கள் சிலருக்கு ஐம்பது வயதுக்குமேல் கைநடுக்கமும் நடைத் தள்ளாட்டமும் வரும். பேரனின் காது கூச்சத்துக்கும் தாத்தாவின் கைநடுக்கத்துக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம்.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி, மருத்துவ மரபியல் துறையும் குழந்தை வளர்ச்சிப் பிரிவும் வேலூர் சி.எம்.சி.யிலேயே இருக்கின்றன. பெற்றோரைச் சேர்த்துக்கொள்ளும் பயிற்சியும் அங்கே புதிதல்ல. அறிவுத்திறன் குறைபாடு உள்ள குழந்தைகளின் பெற்றோரைக் குழுவாக உட்காரவைத்துப் பேசவிட்ட முறை, பாடம் நடத்துவதைவிட அவர்கள் மனப்பாங்கை அதிகம் மாற்றியது என்று 1999லேயே வேலூர் மருத்துவர்கள் ஆய்வாக வெளியிட்டார்கள். மருத்துவரிடம் போகும்போது குழந்தை எதற்குக் கூசுகிறது, எதை உணரவே இல்லை, பத்தாவது முறையும் அதே அளவு திடுக்கிடுகிறதா என்று ஒரு வாரம் பார்த்து எழுதிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்துவிடும். பள்ளிக்கும் அந்தத் தாளின் நகல் வேண்டும். ஃபீலன்-மெக்டெர்மிட் உள்ள சிலருக்கு வியர்வையும் குறைவு. வேலூர் வெயிலில் விளையாட்டு பீரியடுக்கு வெளியே விட்ட அந்தக் குழந்தை, உடம்பு கொதித்தாலும் தண்ணீர் வேண்டும் என்று கேட்காது. ஆசிரியர்தான் தொட்டுப் பார்த்து நிழலுக்கு அழைத்துவர வேண்டும்.