கடல் நீரும் கண்காணாப் பாசியும்

2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை மாநகரின் ஏரிகள் வறண்டு போயின. அவ்வாண்டு ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்திற்கு முதல் தண்ணீர் ரயில் சென்றது. 50 வேகன்கள், ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர் நீர். ரயில்வே ஊழியர்களாகிய எங்களுக்கு அதில் பெருமிதம் உண்டு. எனினும் கணக்கு என்று வந்தால் உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்? மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இலும், நெம்மேலியில் 2013இலும் தொடங்கப்பெற்ற கடல்நீர் ஆலைகள் ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தருமாறு அமைக்கப்பட்டவை. அஃதாவது நாற்பது ரயில்கள்! 2024 பிப்ரவரியில் நெம்மேலியில் திறக்கப்பட்ட இரண்டாம் ஆலையின் அளவோ 15 கோடி.

இத்தகைய ஆலையின் ஓயாத தொல்லை உப்பு என்று நம்மில் பலர் எண்ணக்கூடும். அன்று. கிணற்றுப் படியில் கால் வைத்தால் வழுக்குகிறதே, அந்த வழுவழுப்புத்தான் அதன் பெருந்தொல்லை. விஞ்ஞானிகள் அதனை உயிர்ப்படலம் என்பர்.

உப்பைப் பிரிக்கும் சவ்வை 1960ஆம் ஆண்டையொட்டிக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இருவருள் ஒருவர் நம் நாட்டினரான சௌரிராஜன்; மற்றவர் சிட்னி லோப். இன்றைய ஆலைகளில் சவ்வுத் தாள்களை, இடையிடையே வலை வைத்து, பாய் சுருட்டுவது போல் ஒரு குழாயைச் சுற்றிச் சுருட்டியிருப்பார்கள். காற்று மண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ அறுபது மடங்கு விசையுடன் கடல்நீர் அதனுள் செலுத்தப்படுகிறது. நீர் புகுந்து வெளிவரும், உப்பு நின்றுவிடும்.

அந்த வலையின் இடுக்கிலேதான் நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. ஒட்டிக்கொண்டதும் பிசின் போன்ற ஒன்றைச் சுரந்து, அதனுள்ளே பத்திரமாகப் பெருகுகின்றன. நீர் செல்லும் வழி குறுகுகிறது. அதே நீரைப் பெற அதிக விசை வேண்டும், அதாவது அதிக மின்சாரம். பிசினுக்கடியில் உப்பு தேங்குவதால் வெளிவரும் நீரிலும் உப்பு கூடுகிறது. பத்தில் ஒரு பங்கு உற்பத்தி குறைந்தாலும் சென்னைக்கு இழப்பு நான்கு ரயில் தண்ணீர்!

குளோரின் கலந்தால் தீராதா என்று கேட்கலாம். இங்குதான் சங்கடம். லோபும் சௌரிராஜனும் செய்த பழைய சவ்வு சிறிதளவு குளோரினைத் தாங்கியது; ஆனால் கிருமிகள் அதனையே தின்றன. பின்னர் வந்த பாலியமைடுச் சவ்வைக் கிருமிகள் தின்னமாட்டா; ஆனால் குளோரின் பட்டால் அதுவே சிதையும். ஆகவே கடலிலிருந்து நீர் எடுக்கும் இடத்தில் குளோரினைச் சேர்த்து, சவ்வை நெருங்குமுன் சோடியம் பைசல்பைட்டு கொண்டு அதனை நீக்கிவிடுகிறார்கள். தப்பிப் பிழைத்த சில கிருமிகளுக்கோ அதன்பின் விருந்துதான். நீரில் கரைந்துள்ள கரிமப் பொருள்களைக் குளோரின் சிறு துண்டுகளாக உடைத்து, அவை எளிதில் உண்ணும்படி ஆக்கி வைத்திருக்கும்! இதனாலேயே குளோரினை இடைவிடாமல் சேர்க்காது, விட்டுவிட்டுச் சேர்க்கும் முறையைப் பல நாடுகளின் ஆலைகள் மேற்கொண்டன.

கொல்வதைவிடப் பட்டினி போடுவதே மேல் என்பது பொறியாளர் கண்ட வழி. சவ்வுக்கு முன்பே மணல் வடிகட்டியாலும் நுண்வடிகட்டியாலும் உணவுப் பொருளைக் குறைத்துவிடுகிறார்கள். வேடிக்கை என்னவெனில், இதற்கும் அந்த வழுவழுப்பே துணை புரிகிறது. 1914இல் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அமைந்த மெது மணல் வடிகட்டிகளில், மணலின் மேல் படியும் உயிர்ப்படலமே நீரைச் சுத்தம் செய்தது. மணலில் பணியாள், சவ்வில் பகைவன்!

படிந்துவிட்ட படலத்தைக் கழுவுவதிலும் முறை உண்டு. முதலில் காரக் கரைசல்; பிறகே சுண்ணப் படிவுக்காக அமிலம். முறை மாறினால் பிசின் இறுகிப்போகும்.

சென்னையில் ஆழ்குழாய்க் கிணற்றின் உவர்நீருக்காக வாங்கிய ஆர்.ஓ. இயந்திரத்தைத் திருவனந்தபுரத்திற்கும் சுமந்து வந்த குடும்பங்கள் நம்மிடையே பல. அருவிக்கரையிலிருந்து வரும் கரமனை ஆற்று நீரில் உப்பு மிகக் குறைவு. அதற்கு இவ்வியந்திரம் வேண்டியதில்லை என்பதே என் கருத்து. கிணற்று நீர் உவராயிருந்து இயந்திரத்தை வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதிலுள்ள கரி வடிகட்டி குளோரினை அகற்றிவிடுவதால், அதற்கப்பால் நீருக்குக் காவல் இல்லை. கோடை விடுமுறைக்கு ஊர் சென்று ஒரு மாதம் கழித்துத் திரும்பினால், தேங்கிய நீரை முழுதும் கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, முதலில் நிரம்பும் நீரையும் கொட்டிவிட்டுப் பிறகே பருகுக. கரி வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுக. சுத்தமாகட்டும் என்று பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரை மட்டும் சவ்வினுள் செலுத்திவிடாதீர்கள்.