விடைக்கு முன்னால் கேள்வி

புதுமையைச் சொல்லித்தரும் வகுப்புகள் பெருகிவிட்டன. யாருக்கு என்ன தேவை என்று பார்க்கச் சொல்லித்தருபவை குறைவு

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2007-ல் நான்கு மாணவர்களுக்கு ஒரு வகுப்பு வேலை தரப்பட்டது. எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு மிக மலிவான இன்குபேட்டர் ஒன்றை வடிவமைக்க வேண்டும். வழக்கமான இன்குபேட்டரின் விலை 20,000 டாலர் வரை போகும். பாகங்களைக் குறை, மலிவான பிளாஸ்டிக்கைப் போடு என்று உடனே வேலையில் இறங்கியிருக்கலாம். ஆனால் அவர்களில் ஒருவர் நேபாளத்துக்குப் போனார். ஆஸ்பத்திரியில் நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. குறைமாதக் குழந்தைகள் பிறந்ததோ தொலைதூரக் கிராமங்களில். ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்வரை அவை தாங்கவில்லை.

கேள்வியே மாறியது. ஆஸ்பத்திரிக்கு மலிவான இயந்திரம் செய்வது எப்படி என்பது போய், மின்சாரம் நம்பமுடியாத கிராமத்தில் தாயின் பக்கத்திலேயே குழந்தையைச் சூடாக வைத்திருப்பது எப்படி என்றாயிற்று. கிடைத்த விடை இயந்திரமே அல்ல. குட்டி உறங்கும் பை ஒன்று. அதற்குள் மெழுகு போன்ற பொருள் அடைத்த உறை. ஒருமுறை சூடாக்கினால் சில மணி நேரம் 37 டிகிரியில் நிற்கும். ‘எம்பிரேஸ்' என்று பெயர்.

குழு பெங்களூருக்கு வந்து வேலையைத் தொடர்ந்தது. கிராமத்தில் காத்திருந்தது அடுத்த பாடம். ஆங்கில மருந்து கடுமையானது, டாக்டர் ஒரு ஸ்பூன் சொன்னால் அரை ஸ்பூன்தான் கொடுப்பேன் என்றார் ஒரு தாய். பையை 37 டிகிரிக்குச் சூடாக்கச் சொன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று 30-லேயே நிறுத்திவிடுவாராம். குழு எண்களைத் தூக்கிவிட்டு, சூடு போதுமா போதாதா என்பதை மட்டும் காட்டும் அடையாளத்தை வைத்தது. எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் கிடைத்திருக்காத திருத்தம் இது.

படைப்பாற்றலைக் கற்றுத்தர முடியுமா என்பது பழைய விவாதம். முடியும் என்று அடித்துச் சொன்னவர் அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பர்ன். 1953-ல் வெளியான அவரது புத்தகம் ‘பிரெய்ன்ஸ்டார்மிங்'கைப் பிரபலமாக்கியது. கூடி உட்காருங்கள், யாரையும் விமர்சிக்காதீர்கள், கிறுக்குத்தனமான யோசனையையும் சொல்லுங்கள், அடுத்தவர் யோசனைமேல் கட்டுங்கள் என்பவை அதன் விதிகள். இன்றும் பல பயிற்சி வகுப்புகள் இதில்தான் தொடங்குகின்றன.

ஆனால் 1958-லேயே யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதில் ஓட்டை கண்டுபிடித்துவிட்டார்கள். நான்கு பேர் கூடிப் பேசியபோது வந்தவற்றைவிட, நான்கு பேர் தனித்தனியாக யோசித்துப் பிறகு சேர்த்தபோது வந்த யோசனைகள் ஏறக்குறைய இரு மடங்கு. காரணம் எளிது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். முறை வருவதற்குள் யோசனை மறந்துபோகும், அல்லது துணிச்சல் போய்விடும். வாத்தியார் முன் வாய் திறக்கத் தயங்கும் நம் வகுப்பறைகளில் இது இன்னும் சிக்கல்.

இதற்கு ஒரு மாற்று 1968-ல் ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ண்ட் ரோர்பாக் முன்வைத்த முறை. ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடம். எழுதிய தாளைப் பக்கத்து நபருக்குத் தள்ள வேண்டும். அவர் அதைப் படித்துவிட்டு மேலும் மூன்று எழுதுவார். அரை மணி நேரத்தில் 108 யோசனைகள். பேச்சாளிக்கும் கூச்ச சுபாவக்காரருக்கும் சம வாய்ப்பு. செலவு, ஆறு தாள்.

இவையெல்லாம் விடை தேடும் உத்திகள். கேள்வி தவறாக இருந்தால் 108 விடைகளும் தவறுதான். இந்தியாவுக்கு இது புதிய செய்தியல்ல. இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க டிசைனர்கள் சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-ல் தந்த அறிக்கை, நம் வீட்டுச் சொம்பைத்தான் உச்சத்தில் வைத்தது. அப்படியொரு பாத்திரத்தைப் புதிதாக வடிவமைப்பதானால் எத்தனை கேள்விகள் கேட்க வேண்டும் என்று பட்டியல் போட்டது. எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும்? தூக்குவது தலையிலா, இடுப்பிலா, கையிலா? தூக்கும் கை எவ்வளவு பெரியது? பழசானால் உலோகத்துக்கு என்ன கிடைக்கும்? இந்த அறிக்கையை ஒட்டித்தான் 1961-ல் அகமதாபாதில் தேசிய டிசைன் நிறுவனம் பிறந்தது. அதன் மாணவர்கள் கைவினைஞர்களின் ஊர்களுக்குப் போய்ப் பார்த்து எழுதுவது பாடத்தின் ஒரு பகுதி.

இதையே கண்டிப்பான பயிற்சியாக்கியது, டெல்லி எய்ம்ஸும் ஐஐடியும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவில் ஸ்டான்ஃபோர்டுடன் சேர்ந்து 2007-ல் தொடங்கிய பயோடிசைன் திட்டம். டாக்டர், எஞ்சினியர், டிசைனர் சேர்ந்த சிறு குழுக்கள் முதலில் எதையும் கண்டுபிடிக்கக் கூடாது. வார்டிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் நின்று பார்க்க வேண்டும். கண்ணில் பட்ட தேவைகளை நூற்றுக்கணக்கில் எழுதி, வடிகட்டி, ஒரே வாக்கியமாகச் சுருக்க வேண்டும்: என்ன பிரச்சினை, யாருக்கு, எது மாறினால் தீர்ந்ததாக அர்த்தம். அந்த வாக்கியத்தில் கருவியின் பெயர் வரக் கூடாது.

இப்பயிற்சி பெற்றவர்கள் தொடங்கிய ‘கன்ஷூர் மெடிக்கல்' எடுத்துக்கொண்டது, படுத்த படுக்கையாகி மலத்தைக் கட்டுப்படுத்த முடியாத நோயாளிகளின் அவதி. புண், தொற்று, ஓயாமல் துணி மாற்றும் நர்ஸ். மேஜை முன் உட்கார்ந்து யோசிக்கும் யாருக்கும் தோன்றாத, தோன்றினாலும் வாய்விட்டுச் சொல்லாத தேவை இது.

கள ஆய்வும் சர்வரோக நிவாரணி அல்ல. கோத்ரெஜ் நிறுவனம் 2008-ல் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் பகுதியில் சுமார் 600 பெண்களைக் கூட்டிக் கலந்து பேசித்தான் ‘சோட்டுகூல்' என்ற குட்டிக் குளிர்பெட்டியை வடிவமைத்தது. மேல்பக்கம் திறக்கும், கம்ப்ரஸர் கிடையாது. ஆனாலும் எதிர்பார்த்த கிராமத்து ஏழைகளிடம் அது பெரிதாக எடுபடவில்லை. நகரத்து வாடிக்கையாளர்கள் பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று. பொருள் பிடித்திருக்கிறதா என்பது ஒரு கேள்வி. முதல் செலவு இதற்குத்தானா என்பது வேறு கேள்வி.

பிரச்சினை சாதாரணக் கல்லூரிகளில்தான். பல ஊர்களில் இறுதியாண்டு புராஜக்ட் கடையில் விலைக்குக் கிடைக்கிறது. மதிப்பெண் மாடல் ஓடுகிறதா என்பதற்கு. யாருக்காக ஓடுகிறது என்பதற்கு அல்ல. 2017-ல் தொடங்கிய ‘ஸ்மார்ட் இந்தியா ஹாக்கத்தான்' மாணவர்களை 36 மணி நேரம் விழித்திருந்து உழைக்க வைக்கிறது. நல்ல விஷயம். ஆனால் தீர்க்க வேண்டிய பிரச்சினை பெரும்பாலும் அமைச்சகங்களிலிருந்து தயாராக வந்துவிடுகிறது. 2016-ல் அறிவிக்கப்பட்ட அடல் டிங்கரிங் கூடங்கள் சுமார் 10,000 பள்ளிகளுக்கு வந்துவிட்டன. இன்னும் 50,000 அமைக்கப்படும் என்றது 2025 பட்ஜெட். கூடம் ஒன்றுக்கு ரூ 20 லட்சம் வரை உதவி, முப்பரிமாண அச்சு இயந்திரம் உட்பட. இயந்திரம் கேட்டதைச் செய்து தரும். எதைக் கேட்பது என்று சொல்லித்தராது.

மாற்றத்துக்குக் கோடிகள் தேவையில்லை. முதல் மூன்று வாரம் மாடல் செய்யத் தடை போடலாம். ரேஷன் கடையிலோ பஸ் ஸ்டாண்டிலோ அரசு ஆஸ்பத்திரியிலோ நின்று பார்த்ததை நோட்டில் எழுதச் சொல்லலாம். சேவை என்றால் மாடலுக்குப் பணமே வேண்டாம். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, ஒருவர் நோயாளி, ஒருவர் நர்ஸ், ஒருவர் பில் கிளார்க் என்று நடித்தாலே எங்கே சிக்குகிறது என்று தெரிந்துவிடும். முக்கியமாக, மதிப்பெண்ணில் பாதியைக் கேள்விக்கு ஒதுக்கலாம். புராஜக்ட்டைக் கடையில் வாங்கலாம். மூன்று வாரம் நின்று பார்த்த நோட்டை எந்தக் கடையும் விற்பதில்லை.