பியானோ ஒலிப்பதிவில் இரு மைக்ரோபோன்கள்

பியானோவின் நாதம் ஒரே புள்ளியிலிருந்து பிறப்பதன்று. அதன் 88 கட்டைகள் விநாடிக்கு 27.5 முதல் ஏறக்குறைய 4,186 வரையுள்ள அடிப்படை அதிர்வெண்களை எழுப்புகின்றன. தந்திகளின் அதிர்வை ஏற்று, அகன்ற மரப்பலகை ஒன்று முழுவதுமாக அதிர்ந்து ஒலியைப் பரப்புகிறது. ஆகவே மைக்ரோபோனைச் சிறிது நகர்த்தினாலும் பதிவாகும் ஒலி மாறிவிடுகிறது.

தந்தியைச் சுத்தியல் தாக்கும் கணமும் முக்கியமானது. இதைப் பற்றிய கௌஃப்மனின் கொள்கையை ஆராய்ந்து, சி. வி. ராமனும் பானர்ஜியும் 1920-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினர். சுத்தியல்களுக்கு மிக அருகில் மைக்ரோபோனை வைத்தால் அந்தத் தாக்கொலி மேலோங்கும். விலக்கி வைத்தால் பலகையின் நாதமும் அறையின் எதிரொலியும் கலந்து ஒலிக்கும்.

ஸ்டீரியோ பதிவுக்கு மைக்ரோபோன்கள் இரண்டு தேவை. அவற்றை அகலப் பிரித்து வைத்தால் இசை விரிந்து கேட்கும். ஆனால் அதில் ஓர் இடர் உண்டு. பழவேற்காட்டு ஏரியை அடுத்த ஸ்ரீ சிட்டி போன்ற ஊர்களில் சாதாரணமாகக் காணப்படும் 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்கிறது. ஒரு மைக்ரோபோனுக்கு ஒலி வந்து சேரும் தூரம் மற்றதைவிட 35 சென்டிமீட்டர் அதிகமாயின், அது ஆயிரத்திலொரு பங்கு விநாடி தாமதித்துச் சேரும். இது 500 அதிர்வெண் கொண்ட ஒலிக்குச் சரியாக அரை அலையாகும். ஒரே ஒலிபெருக்கி உள்ள வானொலியில் இரு பதிவுகளும் ஒன்றாகும்போது, ஒன்றின் முகடும் மற்றதன் பள்ளமும் சேர்ந்து அவ்வொலி மங்கிவிடும். 1,500, 2,500 அதிர்வெண்களுக்கும் இதே கதிதான். வாசித்தவர் குறையின்றி வாசித்திருப்பார். கேட்பவருக்கோ சில சுரங்கள் மெலிந்து கேட்கும்.

இக்குறையை நீக்கும் வழியொன்றை ஆங்கிலப் பொறியியலாளர் ஆலன் புளூம்லைன் 1931-ல் தாக்கல் செய்த காப்புரிமை விண்ணப்பத்தில் காணலாம். இரு மைக்ரோபோன்களை ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வெவ்வேறு திசைகளை நோக்கித் திருப்புவதே அம்முறை. தாமதம் அநேகமாக இராது. ஒலியின் வலிமை வேறுபாட்டினாலேயே இடமும் வலமும் புலப்படும். பிரெஞ்சு வானொலியார் கையாண்ட முறையோ இடைப்பட்டது: 17 சென்டிமீட்டர் இடைவெளி, 110 டிகிரி கோணம்.

எம்முறையைக் கொண்டாலும், பதிவுக்கு முன் இரண்டையும் ஒன்றாகக் கலந்து கேட்டுப் பார்த்தல் அவசியம். அப்போது சுரம் எதுவும் மங்கினால், மைக்ரோபோன்களைச் சற்று நகர்த்தி மீண்டும் கேட்க வேண்டும். இரு செவிகளுக்கென அமைக்கும் பதிவு, ஒரே ஒலிபெருக்கியின் முன் அமர்ந்திருப்பவரையும் ஏமாற்றலாகாது.