பதம் தவறினால் புரை ஏறும்

ஒவ்வொரு வாய் உணவையும் விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாசல் ஏறக்குறைய ஒரு நொடி மூடித் திறக்கிறது. பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர்கள், மறதிநோய் முற்றியவர்கள் போன்றோரில் பலருக்கு இந்த மூடல் தாமதமாகிறது, அல்லது முழுமையாக நடப்பதில்லை. அப்போது உணவு நுரையீரலுக்குள் இறங்கிவிடும். தொண்டையின் உணர்வும் மங்கியிருந்தால் இருமல்கூட வராது. புரை ஏறியதே தெரியாமல் நிமோனியா வந்து சேரும். இத்தனை ஆபத்து இருந்தும், மருத்துவமனைகளில் இவர்களுக்கான உணவு பெரும்பாலும் ‘சாஃப்ட் டயட்’, ‘கஞ்சி கொடுங்கள்’ என்ற அளவிலேயே முடிந்துவிடுகிறது. மாத்திரையை மில்லிகிராம் கணக்கில் எழுதும் நாம், உணவின் பதத்தையும் அளந்து எழுதியாக வேண்டும்.

கைக்கு மென்மையாக இருப்பதெல்லாம் தொண்டைக்குப் பாதுகாப்பானது அல்ல என்பதற்கு நம் சமையலறையிலேயே சான்றுகள் உண்டு. நொய்க்கஞ்சியில் நீரும் பருக்கையும் தனித்தனியே நிற்கின்றன; பருக்கையை நாக்கு திரட்டிக்கொண்டிருக்கும்போதே நீர் தொண்டைக்கு ஓடிவிடுகிறது. வடித்த கஞ்சி சூடாக இருக்கும்போது நீர்த்தும், ஆறியதும் கெட்டியாகவும் இருக்கும். எச்சில் பட்ட கரண்டியை அதே கிண்ணத்தில் திரும்பத் திரும்ப விட்டால், எச்சிலில் உள்ள அமிலேஸ் நொதி மாவுச்சத்தைக் கரைத்து அதை மீண்டும் நீர்க்கச் செய்கிறது. இட்லி உலர்ந்த வாயில் உதிர்ந்து ஒட்டுகிறது. சாம்பாரில் ஊறவைத்தாலோ திடமும் திரவமும் சேர்ந்த கலவையாகிறது. கேழ்வரகுக் களி மென்மையானதுதான், ஆனால் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே உணவின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. அது எந்தப் பதத்தில் வாய்க்குப் போகிறது என்பதே கேள்வி.

இதற்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. 2013-இல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து தொடங்கிய ‘இட்சி’ (ஐ.டி.டி.எஸ்.ஐ) முயற்சி, உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாக வகுத்திருக்கிறது. பானத்துக்கு 10 மி.லி. சிரிஞ்சு போதும்: நிரப்பி, 10 நொடி ஒழுகவிட்டு, மீதியைப் பார்க்க வேண்டும். 1 முதல் 4 மி.லி. வரை எஞ்சினால் முதல் நிலை. 4 முதல் 8 வரை எஞ்சினால் இரண்டாம் நிலை. அதற்கு மேல் எஞ்சினால் மூன்றாம் நிலை. சிரிஞ்சின் 10 மி.லி. கோடுகளின் நீளம் 61.5 மி.மீ. இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. நான்காம் நிலைக் கூழைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒட்டாமல் ஒரே திரளாக விழ வேண்டும். ஐந்தாம் நிலையில் பெரியவர்களுக்கான துணுக்கின் அகலம் 4 மி.மீ.; அது முள்கரண்டியின் பற்களுக்கு இடையிலுள்ள இடைவெளி. முள்கரண்டி இல்லாத இடத்தில் விரலால் நசுக்கிப் பார்க்கவும் வழி சொல்லப்பட்டிருக்கிறது.

வேலை நெருக்கும் மருத்துவமனைச் சமையலறையில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்கலாம். பாகை விரலிடையில் இழுத்து ஒற்றைக் கம்பியா இரட்டைக் கம்பியா என்று பார்த்து இறக்கும் சமையல்காரர்கள் நம்மிடம் உண்டு. பதம் பார்ப்பது அவர்களுக்குப் புதிய கலை அல்ல. அரைத்த உணவு ருசியற்றது, சத்துக் குறைந்தது என்ற குறை நியாயமானது. தண்ணீர் ஊற்றி அரைத்தால் கிண்ணம் நிறையும், சத்து நிறையாது. தண்ணீருக்குப் பதில் பாலோ பருப்புத் தண்ணீரோ சேர்த்து, நெய்யும் விட்டு அரைக்கலாம். சோறு, காய், பருப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கி ஒரே நிறக் குழம்பாக்காமல் தனித்தனியே அரைத்துப் பரிமாறினால் எது எதுவென்று நாக்குக்குத் தெரியும்.

இவற்றைவிடக் கனமான ஓர் ஆட்சேபம் உண்டு: பானத்தைக் கெட்டியாக்குவது உண்மையில் காக்கிறதா? மறதிநோயோ பார்க்கின்சனோ உள்ளவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2008-இல் வெளியான பெரிய ஆய்வில், தாடையைத் தாழ்த்திச் சாதாரணத் திரவம் குடித்தவர்களுக்கும் கெட்டிப் பானம் குடித்தவர்களுக்கும் இடையே நிமோனியா விகிதத்தில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. கெட்டிப் பானக் குழுவில் நீரிழப்பு கூடுதலாக இருந்தது. இதை மறைக்கக் கூடாது. ஆனால் இந்த முடிவு அளவீட்டுக்கு எதிரானது அல்ல, அதற்கான வலுவான காரணம். கெட்டியாக்குவதற்கும் ஒரு விலை உண்டு என்றால், தேவைக்கு மேல் ஒரு நிலைகூட ஏற்றக் கூடாது. அளக்காமல் அது முடியாது. விழுங்கும் திறன் தேறியதும் நிலையைக் குறைக்க, இப்போது எங்கே நிற்கிறோம் என்பதற்கு ஓர் எண் வேண்டும்.

கேட்பது பெரிதல்ல. பக்கவாத நோயாளிக்கு முதல் வாய் தண்ணீர் கொடுப்பதற்கு முன் விழுங்கும் திறனைச் சோதிக்க வேண்டும். கேஸ் ஷீட்டிலும் தட்டிலும் ஒரே நிலை எண் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து தூக்குவாளியில் உணவு கொண்டுவரும் உறவினருக்கும் பதம் பார்க்கும் சோதனையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். வீடு திரும்பிய பின் மூன்று வேளையும் பதம் பார்க்கப்போவது அவர்தான்.